நாற்பத்தொன்றாவது பதிவு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் யாருக்கு நடந்ததோ அவர், பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே "வேற வேலை இல்லையா" என்று எழுந்து போகிற ஆள். முப்பத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பினால்தான் வண்டி ஒழுங்காக வீடு போய்ச் சேரும் என்பது அவர் கட்சி.

நடந்ததும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில். ஜூலை மாதத்தில் ஒரு புதன், வியாழன், வெள்ளி. இரண்டாம் மாடியில் ஒரு வீடு. அதில் ஒரு சின்ன அறை. அறையில் ஒரு லேப்டாப்.

டிரைவரின் மனைவி இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தில் அவள் வேலை பார்த்தாள். பெற்றவர்களுக்கு அவள் டீச்சரம்மா. ஒரு பிள்ளை போய் அடுத்த பிள்ளை வருவதற்கு நடுவில் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். மாரடைப்பு. அடுத்த பிள்ளை உள்ளே வந்து, டீச்சர் தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாம்.

புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை எதுவும் இருந்ததில்லை. ஒரே ஒரு மனத்தாங்கல்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அந்தச் சின்ன அறைக்குள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் பேசிய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள். பதிவில் பிள்ளையின் பெயரை எழுத மாட்டாள். எண் மட்டும் போடுவாள்.

"எனக்கும் ஒரு நம்பர் குடு. அப்பவாவது நான் பேசுறது உன் காதுல விழும்" என்பார் டிரைவர்.

அவள் சிரிப்பாள். ஹெட்போனைக் கழற்ற மாட்டாள்.

புதன்கிழமை மதியம் 1:50. காலை ஷிப்ட் முடித்து வந்த டிரைவர், வழக்கம் போல மகளின் பழைய படங்களைப் பார்க்க லேப்டாப்பைத் திறந்தார். திரையின் நடுவில் ஒரு அறிவிப்பு. நிலையத்தை மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணியோடு, வேலை பார்த்தவர்களுக்கு நிலையம் கொடுத்த இணையக் கணக்குகள் எல்லாம் அழிக்கப்படும்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. 

"அப்பா, அம்மா நம்ம வீட்டுப் படத்தையெல்லாம் அந்தக் கணக்குலதான் போட்டு வச்சிருந்தாங்க."

"லேப்டாப்லதானம்மா இருக்கு. தினமும் பாக்கறேனே."

"அதுல பேர் மட்டும்தான் இருக்கு. சாமான் கிளவுட்ல இருக்கு. நீங்க தொடுறப்ப இறங்கி வரும், அவ்வளவுதான். பேர் பக்கத்துல குட்டியா என்ன படம் தெரியுது?"

"மேகம் மாதிரி."

"மேகம்னா இங்க இல்ல. பச்சை டிக் விழுந்தாத்தான் நம்மகிட்ட இருக்குன்னு அர்த்தம். நெட் போனாலும், கணக்கே போனாலும், அது நம்மளோடது."

ரைட் கிளிக் செய்யச் சொன்னாள். 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு' என்று ஒரு வரி வந்தது. மகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த ஃபோல்டரில் அதை அழுத்தினார். மேகம் மறைந்து, நீல நிறத்தில் இரண்டு அம்புகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன.

"எல்லாத்துக்கும் போட்டுடறேன்."

"முடியாதுப்பா. இருநூறு ஜிபி இருக்கு. அந்த வீட்டு லைன் வேகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள முப்பது, முப்பத்தஞ்சு இறங்கினாலே பெருசு. முக்கியமானதைப் பாத்து எடுங்க. லேப்டாப்பை மட்டும் தப்பித் தவறி லாக் அவுட் பண்ணிடாதீங்க. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அம்மா போன் நம்பரையும் திருப்பிக் குடுத்துட்டோம்."

"'பயிற்சி'ன்னு ஒண்ணு பெருசா இருக்கேம்மா?"

"அது சென்டரோடது. அடுத்தவங்க புள்ளைங்க. அதைத் தொடவே கூடாது."

அவர் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். மகளின் குழந்தைப் பருவம். கடலுக்குப் போன பயணம். கல்யாண வீடியோ.

கல்யாண வீடியோதான் உயிர். பழைய டேப்பில் இருந்து ஏற்றியது. டேப் பூஞ்சை பிடித்து எப்போதோ போய்விட்டது. வீட்டில் மற்ற எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள்தான். அதனால் எதிலும் அவள் இல்லை. கல்யாண வீடியோவில் மட்டும், ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு, வேர்த்துப்போய் நிற்கும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "பசிக்குதா?" என்று கேட்பாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சுச் சொல்லிக்கொடுத்தவள் கட்டின புருஷனிடம் பேசிப் பதிவானது அந்த ஒரு வார்த்தைதான்.

வியாழன் மதியம் 1:45.

வந்ததும் வராததுமாக அறைக்குள் போனார். மகளின் ஃபோல்டரில் பச்சை டிக். நல்லது. கடலுக்குப் போனதிலும் பச்சை டிக்.

கல்யாண வீடியோவில்... மேகம்.

காலையில் கிளம்பும்போது அதில் அம்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போது அம்பு வேறொரு இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. 'பயிற்சி'க்குள்ளே. '17' என்ற ஃபோல்டரில்.

மகளைக் கூப்பிட்டார்.

"கை பட்டு அழுத்தியிருப்பீங்கப்பா."

"வீட்ல யாரும்மா இருக்கா, கை படறதுக்கு?"

"சில சமயம் அதுவே குழம்பும். 17-ல விழுந்ததை எடுத்துட்டு, மறுபடி வீடியோவுக்குப் போடுங்க."

போட்டார். சமையலறைக்குப் போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணி, தட்டோடு உட்கார்ந்தார்.

2:25.

டிக்... டிக்.

மவுஸ் சத்தம். தெருவில் சைக்கிள் மணி அடித்தது. பிறகு நிசப்தம். தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். கை கழுவாமல் எழுந்து போய்ப் பார்த்தார்.

கல்யாண வீடியோவில் மேகம். 17-இல் அம்பு.

அப்போதுதான் நாற்காலியைக் கவனித்தார். அவர் நல்ல உயரம். தினமும் உட்கார்ந்து படம் பார்ப்பதற்காக அந்த நாற்காலியை ஏற்றி வைத்திருந்தார். அது இறங்கியிருந்தது. அவள் உட்காருகிற உயரத்துக்கு.

பக்கத்தில் ஒரு முக்காலி. பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் உட்காரவைக்கிற குட்டி முக்காலி. அது பீரோவுக்கு அடியில் கிடக்க வேண்டியது. மேசையை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது.

 பயத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது கோபம். முப்பத்தொரு வருடக் கோபம்.

"இப்பவும் அவங்கதானா?" என்றார், காலி அறையைப் பார்த்து. "நம்ம கல்யாணத்தை விட உனக்கு அவங்கதானா?"

 17-ஐ எடுத்துவிட்டு, வீடியோவுக்கு மறுபடி போட்டார். நாற்காலியை ஏற்றினார். முக்காலியைப் பீரோவுக்கு அடியில் தள்ளினார். கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் விழுந்தார். எச்சில் கை காய்ந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். காலை 10:15-க்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நினைத்தபடியே வீடியோவில் மேகம்தான் இருந்தது. மறுபடி போட்டார். இந்த முறை நகரவில்லை. வேறு எங்கும் பார்க்கவும் இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. 11:38. மவுஸ் மேசையில்தான் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. திரையில் அந்த வெள்ளை அம்புக்குறி மெதுவாக நகர்ந்தது... வயதானவர்கள் தெரு கடப்பது போல, நின்று நின்று... 17-க்குப் போய் நின்றது.

டிக்.

 போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"மோடம் ப்ளக்கைப் பிடுங்கிடுங்கப்பா" என்றாள் மகள். "யாரோ வெளியில இருந்து உள்ள வந்து பண்றாங்களோ என்னவோ. நெட் இல்லன்னா யாராலயும் எதுவும் பண்ண முடியாது."

பிடுங்கினார். மோடத்தில் விளக்கு அணைந்தது.

17-இல் அம்பு சுற்றிக்கொண்டே இருந்தது.

"நின்னுடுச்சா?"

"...ம்."

மகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொன்ன பொய். பத்து நிமிடம் பார்த்தார். அது நிற்கவில்லை. ப்ளக்கைத் திரும்பச் செருகினார். செருகாவிட்டால் வீடியோ வராதே.

அவர் வீடியோவுக்குப் போடுவார். அம்புக்குறி நகர்ந்து அதை எடுக்கும். அவர் போடுவார். அது எடுக்கும். கோபித்துக்கொண்ட இருவர் ஒரே போர்வையை இழுப்பது போல இப்படியே மூன்று மணி நேரம்.

2:50. மகள் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள். இதற்கு மேல் தாமதித்தால் ஐந்து மணிக்குள் ஒன்றுதான் முழுதாக இறங்கும். வீடியோவா, 17-ஆ.

மவுஸில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை. எதற்காக இப்படி முட்டுகிறாள் என்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தார். உயிரோடு இருந்தபோது அவள் எதையும் அடம்பிடித்து வாங்கியதில்லை. ஒரு புடவைக்குக்கூட.

"இவ்வளவு முக்கியமா?" என்றார்.

அம்புக்குறி அசையவில்லை. காத்திருந்தது.

"சரி. எடுத்துக்கோ."

அவரே வீடியோவை விட்டுவிட்டு, அவர் கையாலேயே 17-இல் ரைட் கிளிக் செய்தார். 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு.' நாற்காலியை அவள் உயரத்துக்கு இறக்கினார். கொஞ்சம் யோசித்து, முக்காலியையும் இழுத்துப் போட்டார். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லை என்பது ஒரு வசதி.

4:20.

அறைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

முக்காலி தரையில் உரசியது.

பிறகு... டொக். டொக் டொக்.

விரலால் மேசையைத் தட்டும் சத்தம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு. வார்த்தையை உடைத்துச் சொல்லிக்கொடுக்க அவள் தட்டுகிற தட்டு.

ஏதோ பேச்சு. தாழ்ந்த குரல். வார்த்தை பிடிபடவில்லை.

டொக். டொக் டொக்.

4:26. போன் அடித்தது. மகள்.

"ஆச்சாப்பா?"

"கல்யாண வீடியோவை விட்டுட்டேம்மா."

"ஏம்பா?"

"...விட்டுட்டேன்."

"பக்கத்துல யாரு பேசறா?"

"டிவிம்மா" என்றார். டிவி அணைந்து கிடந்தது.

உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு.

அவள் சிரிப்பு இல்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார். 4:34-க்கு எல்லாச் சத்தமும் நின்றது. ஐந்து மணி ஆன பிறகுதான் கதவைத் திறந்தார்.

திரையில் மேகம் இருந்த பெயர்கள் அத்தனையும் போயிருந்தன. துடைத்துவிட்டது போல வெறுமை. மிஞ்சியது மூன்று. மகள். கடல். 17. மூன்றிலும் பச்சை டிக்.

அறையில் யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு மகள் வந்தாள். 17-ஐத் திறந்தார்கள். நாற்பத்தொரு பதிவுகள். முதல் பதிவை ஓடவிட்டதுமே மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் குரல். "மெதுவா... அவசரமே இல்ல... சொல்லு பாக்கலாம்." ஒவ்வொரு பதிவிலும் அந்தக் குரல். எதிரே ஒரு பையன், "ப்... பா..." என்று திணறுகிறான். இருபதாவது பதிவில் ஒரு வார்த்தை. நாற்பதாவதில் ஒரே மூச்சில் இரண்டு வார்த்தை.

ஒரு வார்த்தைக்காக ஏங்கிய மனுஷனுக்கு இருபது மணி நேரக் குரல் கிடைத்திருந்தது. பேசியது அவரிடம் இல்லைதான். இருந்தாலும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாற்பத்தொன்றாவதைத் திறக்கும் முன் மகள் விவரத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது மேல இருந்து வரலப்பா. கிளவுட்ல இது இருந்ததே இல்ல. இங்கயே, இந்த லேப்டாப்லயே பதிவாகியிருக்கு. போன வெள்ளிக்கிழமை. 4:20-ல இருந்து பதினாலு நிமிஷம்."

ஓடவிட்டாள்.

டொக். டொக் டொக். "சொல்லு. இப்ப எப்படி இருக்கு?"

பையன் குரல். திணறல் இல்லை. தண்ணீர் ஓடுவது போலச் சொன்னான்.

"இப்ப வலிக்கல டீச்சர். கொஞ்சம்கூட வலிக்கல."

ஆறாவது நிமிடத்தில், எங்கோ கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு போன் அடிக்கிறது. ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிறார். "கல்யாண வீடியோவை விட்டுட்டேம்மா..."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, மதியம் 3:05. கதவை யாரோ தட்டினார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். கையில் ஒரு துணிப்பை.

"டீச்சரம்மா வீடு இதுதானே? அவங்க இருக்காங்களா?"

டிரைவருக்கு அதைச் சொல்ல இன்னும் வாய் வருவதில்லை. "வீட்ல இல்லம்மா" என்றார்.

"போன் பண்ணேன், போகல. சென்டரையும் மூடிட்டாங்க. பதிவெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க. டீச்சரம்மாகிட்ட ஏதாவது ஒண்ணு இருக்குமான்னு கேட்டுப் போகலாம்னு..." பையைக் கைமாற்றிக்கொண்டாள். "என் பையன் தவறிட்டான் சார். அவன் குரல் என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. பேசவே மாட்டானேன்னு நான் பதிவு பண்ணி வைக்கல. அவன் நம்பர் பதினேழு."

அவர் வழி விட்டு நின்றார்.  அறைக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை அவளிடம் கொடுத்தார்.

அவள் சாயங்காலம் வரை கேட்டாள். அழுதாள், சிரித்தாள், மேசையில் தலையைக் கவிழ்த்தாள். கடைசிப் பதிவை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவளே அதையும் திறந்தாள். கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இவ்வளவு தெளிவா எப்ப சார் பேசினான்? நான் வெளிய உட்கார்ந்திருந்த நாளா இருக்கும். சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

அவள் தேதியைப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"டீச்சரம்மா வந்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. நவம்பர்ல இருந்து அவனுக்கு ஆஸ்பத்திரிதான். வேற யாரும் எட்டிப் பாக்கல. அவங்க மட்டும்தான் வந்தாங்க, அதுவும் கடைசி நாள்ல."

"எந்த நாள்?"

"மார்ச் பதினாலு. காலையில பதினொண்ணு பத்து. நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். திரும்பி வர்றப்ப படிக்கட்டுல எதிர்ல இறங்கி வந்தாங்க. என்னைப் பாத்து லேசா தலையசைச்சாங்க. அவன்கிட்டப் போகணும்கிற அவசரம் எனக்கு, நின்னு ஒரு வார்த்தை பேசல. மேல போனா... அவன் போயிட்டான் சார்."

டிரைவர் டிசம்பரில் இருந்து மார்ச் வரை விரல் விட்டு எண்ணினார்.

"அவன் போறப்ப பக்கத்துல அவங்களாவது இருந்திருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன். அதுதான் எனக்கு ஆறுதல்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவது போலக் கேட்டாள். "அன்னைக்கு அவங்க கையைப் பிடிச்சுட்டு ஒரு பையனும் இறங்கிப் போனான். என் பையன் வயசுதான் இருக்கும். அவசரத்துல மூஞ்சியைக்கூட சரியாப் பாக்கல. உங்க பேரனா சார்?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமாம்மா" என்றார்.

அவள் படியிறங்கிப் போனாள்.

அவருக்குப் பேரன் கிடையாது.